பாட்டரிக்கு ஓர் ஆசனம்

எங்கள் வீட்டுக் கூடத்து மூலையில் முன்பு ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஒரு பாட்டரி உட்கார்ந்திருக்கிறது. மின்சாரம் நாளுக்கு நாலு தடவை போய் வந்துகொண்டிருந்த காலத்தில் இன்வெர்ட்டரோடு கூட வந்து சேர்ந்தது அது. எடை ஏறக்குறைய 60 கிலோ. ஒரு மனிதனின் எடைதான். ஆனால் மனிதனைத் தூக்குவதானால் பிடித்துக்கொள்ளக் கையும் காலும் இருக்கும். இதற்கு அதுவும் இல்லை. இரண்டு ஆட்கள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறக்கி வைத்து, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கி, அதை அந்த மூலைக்குக் கொண்டு வந்தார்கள்.

வந்தவர்களில் இளையவன்தான் கம்பிகளைப் பூட்டினான். ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் கை விரலிலிருந்த மோதிரத்தையும், மணிக்கட்டிலிருந்த செப்புக் காப்பையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எதற்குத் தம்பி?" என்று கேட்டேன்.

"ஸ்பானர் ஒரு பக்கம் பிளஸ்ஸில இருக்கும் சார். மோதிரம் மைனஸ்ஸில பட்டுதுன்னா, கழட்டறதுக்குள்ள விரலோட சேர்ந்து பழுத்துடும்."

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். போதுமான தூரம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இரண்டு சலவை கழிந்ததும் என் வேஷ்டியில் கடுகு கடுகாகப் பத்துப் பன்னிரண்டு ஓட்டைகள் தோன்றின. நான் ரகசியமாகச் சிகரெட் பிடிப்பதாக வீட்டில் ஒரு வாரம் விசாரணை நடந்தது. குற்றவாளி கூடத்து மூலையிலேயே உட்கார்ந்திருந்தது. கந்தகத் திராவகம் துணியில் பட்ட அன்று ஒன்றும் சொல்லாது, துவைக்கும்போதுதான் பேசும்.

அந்த விசாரணைக்குப் பிறகு எனக்கு இந்தப் பிராணியைப் பற்றிப் படிக்கும் ஆவல் உண்டாயிற்று. படித்துக்கொண்டே போனபோது ஒரு விசித்திரமான ஜாதி மனிதர்கள் அகப்பட்டார்கள். இவர்கள் நல்ல பெட்ரோல் மோட்டார் வண்டியை எடுத்து, அதன் யந்திரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு மின்சார மோட்டாரை வைத்து, என் வீட்டு மூலையில் இருப்பதைப் போல ஒன்றல்ல, பதினாறு, இருபது பாட்டரிகளை வண்டிக்குள் ஏற்றுகிறவர்கள். எங்கே ஏற்றுவது என்பதில்தான் அவர்களுடைய கஷ்டம் எல்லாம் இருக்கிறது. மோட்டார் ஒரு தொந்தரவும் தருவதில்லை. ஒரு பூசணிக்காய் அளவு இருக்கும். சொன்ன இடத்தில் உட்காரும். பாட்டரிதான் கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி. சரியான ஆசனம் கிடைக்கவில்லையானால் காரியத்தையே கெடுத்துவிடும்.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு சிறு கணக்குச் சொல்கிறேன். என் வீட்டுப் பாட்டரி நிறைய ஏற்றியிருக்கும்போது அதில் இருக்கும் சக்தி, ஐந்தில் ஒரு பங்கு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சக்திதான். ஒரு காப்பி டம்ளர் பெட்ரோல்! அந்த ஒரு டம்ளருக்காகத்தான் இரண்டு பேர் மூச்சுத் திணறினார்கள். பெட்ரோல் யந்திரம் ஊதாரி. நாலில் மூன்று பங்கைச் சூடாகவும் புகையாகவும் வெளியே விட்டுவிடும். மின்சார மோட்டார் மகா சிக்கனக்காரன். கொடுத்ததில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அந்தச் சிக்கனத்தைக் கூட்டிப் பார்த்தாலும், 60 கிலோ பாட்டரி முக்கால் லிட்டர் பெட்ரோலுக்கு மேல் தாளாது. ஆகவே வண்டியைத் தூரம் ஓட்டப் பாட்டரி அதிகம் வேண்டும். பாட்டரி அதிகமானால் வண்டி கனக்கும். கனத்த வண்டியை இழுக்க இன்னும் பாட்டரி வேண்டும். தன் சாப்பாட்டு மூட்டையைத் தானே சுமக்கிற வழிப்போக்கன், மூட்டையின் கனத்தாலேயே சீக்கிரம் பசித்துப் போவது போல.

இந்தச் சங்கடம் பிறந்த வருஷத்தையும் சொல்லிவிடலாம். 1859-ல் கஸ்டன் பிளான்டே என்ற பிரெஞ்சுக்காரர், இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டித் திராவகத்தில் வைத்து, மின்சாரத்தை ஏற்றவும் இறக்கவும் முடியும் என்று காட்டினார். 1881-ல் காமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டின் மேல் ஈயப் பசையை அப்பி, அதில் தேங்கும் மின்சாரத்தைப் பெருக்கினார். அதே 1881 ஏப்ரலில் பாரிஸில் கஸ்டவ் துரூவே என்ற கருவித் தொழிலாளி, இங்கிலாந்தில் செய்த மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றை எடுத்து, அதில் சிறு மோட்டாரையும் பிளான்டே பாட்டரிகளையும் பொருத்தித் தெருவில் ஓட்டினார். மணிக்கு 12 கிலோமீட்டர். ஆக, முதன் முதலில் ஓடிய மின்சார வண்டிகளில் ஒன்றே மாற்றிக் கட்டிய வண்டிதான்! வேறு காரியத்துக்குச் செய்த வண்டியை வாங்கி, பாட்டரியை எங்கே கட்டலாம் என்று தலையைச் சொறிந்துகொண்டு நின்ற முதல் மனிதர் துரூவே. சீக்கிரமே அவர் வண்டியை விட்டுவிட்டு, அந்த மோட்டாரைப் படகில் பூட்டப் போய்விட்டார். புத்திசாலி. தண்ணீருக்குக் கனம் ஒரு பொருட்டல்ல.

மற்றவர்களுக்கு அந்தப் புத்தி வரவில்லை. 1897-ல் லண்டனில் வால்டர் பெர்ஸி என்ற இளைஞர் மின்சார வாடகை வண்டிகளை விட்டார். அவை எழுப்பிய மெல்லிய ரீங்காரத்தைக் கேட்டு லண்டன்வாசிகள் அவற்றை 'ஹம்மிங் பறவைகள்' என்றார்களாம். பாட்டரிகள் வண்டியின் வயிற்றுக்கு அடியில் தொங்கின. ஆனால் லண்டன் தெருக் கற்களின் குலுக்கலில் ஈயத் தகடுகள் நொறுங்கின. 1899-ல் பறவைகள் கூட்டுக்குத் திரும்பிவிட்டன. அதே 1899 ஏப்ரலில் பாரிஸுக்கு அருகே, பெல்ஜியக்காரர் காமில் ஜெனாட்ஸி ஒரு மின்சார வண்டியில் மணிக்கு 105.88 கிலோமீட்டர் வேகத்தில் பறந்து, மோட்டார் வண்டியில் 100-ஐத் தாண்டிய முதல் மனிதர் ஆனார். அந்த வண்டியின் படத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். காற்றைக் கிழிக்கச் சுருட்டு வடிவத்தில் உடல். ஜெனாட்ஸியோ குதிரைச் சவாரிக்காரர் மாதிரி இடுப்புக்கு மேல் வெளியே தெரிய உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது, உள்ளே பாட்டரிகள் இருந்தன.

பிறகு 1912-ல் ஒரு வேடிக்கை நடந்தது. சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர் பெட்ரோல் யந்திரத்தைக் கிளப்ப ஒரு மின்சார மோட்டாரைச் செய்து, அதைக் காடிலாக் வண்டியில் வைத்தார்கள். கையால் கம்பியைச் சுழற்றி யந்திரத்தைக் கிளப்பும் அவஸ்தை ஒழிந்தது. மின்சார வண்டிக்கு மிஞ்சியிருந்த கடைசிச் சலுகையும் அதோடு போயிற்று. அந்தச் சலுகையைப் பறித்தது எது? ஒரு பாட்டரி! தன் சொந்த வீட்டைக் கெடுத்துவிட்டு, எதிராளி வீட்டில் வாசல் காக்கும் வேலையில் அமர்ந்தது அது. ஐம்பது வருஷ காலம் அந்த உத்தியோகத்திலேயே காலம் தள்ளிற்று. ஒன்றிரண்டு பேர் மட்டும் அதை மறுபடி எஜமானனாக்கப் பார்த்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் என் மனத்தைக் கவர்ந்தவர் வாலி ரிப்பல் என்ற மாணவர். அவர் படித்தது கலிஃபோர்னியாவில் பாஸடீனா ஊரிலிருக்கும் 'கால்டெக்' என்ற விஞ்ஞானக் கல்லூரியில். அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கத்திலிருக்கும் லாஸ் ஏஞ்சல்ஸில் 1943-லிருந்தே கண்ணைக் கரிக்கும் ஒரு புகைமூட்டம் வந்து கவிந்துகொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஹாகன்-ஸ்மிட் என்ற டச்சு ரசாயனப் பேராசிரியர் அதே கால்டெக்கில் அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்தவர். அன்னாசியை நிறுத்திவிட்டு வெளிக் காற்றைப் பிடித்து ஆராய்ந்தார். மோட்டார் வண்டிகள் விடும் ஆவியின் மேல் சூரிய வெளிச்சம் படுவதால்தான் இந்த நஞ்சு உண்டாகிறது என்று 1950-ஐ ஒட்டிய வருஷங்களில் நிரூபித்தார். எண்ணெய்க் கம்பெனிகள் மறுத்துப் பார்த்தன, செல்லவில்லை. ஆகவே, அந்தக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குத் தன் தொண்டைக் கரிப்புக்குக் காரணம் வாசலில் நிற்கும் வண்டி என்பதைப் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

ரிப்பல் 1958-ம் வருஷத்து வோல்க்ஸ்வாகன் சிறு பஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார். எட்டுப் பேர் உட்காரக்கூடிய, முகம் தட்டையான, ரொட்டி வண்டி மாதிரியான ஜெர்மன் வண்டி. அழகில் ஒன்றும் சேர்த்தியில்லை. ஆனால் தரை அகலம். சுமை தாங்குவதற்கென்றே கட்டிய உடல். கீழே வலுவான ஸ்பிரிங்குகள். வேறொருவர் இதே காரியத்துக்கு ஒய்யாரமான கார் ஒன்றை எடுத்திருப்பார். சம்பந்திக்கு ஆசனம் தேடும்போது நாற்காலியின் சித்திர வேலைப்பாட்டையா பார்ப்பது? கால்கள் உறுதியா என்றல்லவா பார்க்க வேண்டும். பின்பக்கத்து யந்திரத்தைக் கழற்றி, மின்சார மோட்டாரை வைத்து, மனிதர்கள் உட்கார வேண்டிய இடத்தில் பாட்டரிகளை வைத்தார். ஈயத்தோடு கோபால்ட்டும் சேர்ந்த பாட்டரிகள். விலை சுமார் 600 டாலர்.

பிறகு ஒரு காரியம் செய்தார். நாட்டின் மறுகோடியில், கிழக்குக் கரையில், கால்டெக்கின் பரம்பரைப் போட்டியான மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரிக்குச் சவால் விட்டார். நீங்களும் ஒரு மின்சார வண்டி கட்டுங்கள். ஒரே நாளில் புறப்படுவோம். நீங்கள் எங்கள் வாசலுக்கு வாருங்கள். நாங்கள் உங்கள் வாசலுக்கு வருகிறோம். யார் முதலில் என்று பார்ப்போம்.

எதிர்க் கட்சி பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 1968-ம் வருஷத்துப் புதுக் கார் ஒன்றை, ஷெவர்லே கார்வேர், எடுத்துக்கொண்டார்கள். அதில் நிக்கல்-காட்மியம் பாட்டரிகளை ஏற்றினார்கள். இந்த ஜாதிப் பாட்டரி சீக்கிரம் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும், சீக்கிரம் கொடுக்கும். விலை 20,000 டாலர். எதிரியின் பாட்டரியைப் போல முப்பது மடங்குக்கு மேல்!

1968 ஆகஸ்டு 26-ந் தேதி இரண்டும் புறப்பட்டன. நடுவே சுமார் 5,300 கிலோமீட்டர். ஏறக்குறைய 100 கிலோமீட்டருக்கு ஒன்றாக 54 இடங்களில் மின்சாரம் ஏற்ற ஏற்பாடு. இந்தச் சத்திரங்களுக்கு இடையே என்ன நடந்தது என்பதுதான் கதை. மாஸசூஸெட்ஸ் காரின் விலையுயர்ந்த பாட்டரிகள் வேகமாக மின்சாரத்தை ஏற்றும்போது ஜுரம் கண்டவை போலக் கொதித்தன. பிள்ளைகள் ஐஸ் கட்டிகளை வாங்கிப் பாட்டரிகளின் மேல் கொட்டினார்கள். அமெரிக்கப் பாலைவனத்து வெயிலில், இருபதாயிரம் டாலர் நோயாளிக்கு நெற்றியில் ஐஸ் வைத்து உபசாரம்! ரிப்பலின் வண்டிக்கும் விதி காத்திருந்தது. அரிசோனாவில் மோட்டார் எரிந்து போயிற்று. வேறு மோட்டார் வந்து சேரும் வரை ஏறக்குறைய ஒரு நாள் சும்மா நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அந்தப் பிள்ளைகளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். எதிரி ஒவ்வொரு மணிக்கும் தம் ஊரை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறான். தாம் நிற்கிற இடத்தில் தூசிதான் நகர்கிறது.

முதலில் போய்ச் சேர்ந்தது மாஸசூஸெட்ஸ் கார்தான், ஏறக்குறைய ஒன்றரை நாள் முன்னதாகவே. ஆனால் அது தன் காலால் நடந்து வரவில்லை. பழுதாகிப் போய், கடைசிப் பகுதியை வேறு வண்டியால் இழுக்கப்பட்டுக் கடந்து பாஸடீனாவுக்குள் நுழைந்தது. ரிப்பலின் ரொட்டி வண்டி சுமார் 210 மணி நேரத்தில், செப்டம்பர் 4-ந் தேதி, மறுகோடி போய்ச் சேர்ந்தது. நின்ற நேரம், ஏற்றிய நேரம், தூங்கிய நேரம் எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் மணிக்கு 25 கிலோமீட்டர். நல்ல சைக்கிள்காரன் வேகம். இழுத்து வந்த தூரத்துக்கு விதிப்படி அபராத நேரம் போட்டுக் கணக்குப் பார்த்தார்கள். கால்டெக் ஜெயித்தது, அரை மணி நேர வித்தியாசத்தில்.

முன்னால் போனவனைத் தோற்கடித்து, பின்னால் வந்தவனுக்கு மாலை போடுவது நியாயமா என்று எனக்கே முதலில் தோன்றிற்று. கதை எழுதுகிறவனுக்கு முடிவு இப்படிக் கணக்குப்பிள்ளை கையில் போவது பிடிக்காது. ஆனால் மறுபடி யோசித்தபோது, இழுத்துக்கொண்டு வந்த காரை வந்ததாகச் சொல்வதானால், சரக்கு ரயிலில் ஏற்றி அனுப்பியிருந்தாலும் வந்ததுதான் என்று பட்டது. மட்டமான பாட்டரியை வைத்த வண்டி ஜெயித்ததில் ஒரு காரணம் உண்டு. ரிப்பல் பாட்டரியிடம் அதிகம் கேட்கவில்லை. அதற்கு விசாலமான இடம் கொடுத்தார். அதன் குணத்துக்குத் தக்க ஓட்டினார். எதிர்க் கட்சியார் வேகத்தை விலைக்கு வாங்கினார்கள். வாங்கியதோடு கொதிப்பும் கூட வந்தது.

1973-ல் எண்ணெய் விலை ஏறியபோது அமெரிக்காவில் இந்தப் பைத்தியம் வீட்டுக் கொட்டகைகளுக்கும் பரவிற்று. அவர்கள் கையாண்ட முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல எனக்கு ஆசை. கோல்ஃப் மைதானத்து வண்டிகளில் வைக்கும் 6 வோல்ட் பாட்டரிகளில் 16. மொத்தம் 96 வோல்ட். ஒவ்வொன்றும் 28 கிலோவுக்குக் குறையாது. ஆகக் கூடி 450 கிலோ. நாலு பேருக்குச் செய்த சிறிய காரில், யாரும் ஏறுவதற்கு முன்பே ஏழு பேர் ஏறி உட்கார்ந்திருப்பதற்குச் சமம். அத்தனையையும் பின்பெட்டியில் அடுக்கினால் வண்டி மூக்கைத் தூக்கிக்கொள்ளும். முன்சக்கரம் தரையைச் சரியாகப் பற்றாது. வளைவில் திருப்பினால் நேரே போகப் பார்க்கும். ஆகவே யந்திரம் இருந்த இடத்தில் ஆறு, பின்ஸீட்டுக்கு அடியில் பத்து என்று பிரித்து வைப்பார்கள். வைப்பதற்கு முன்னும் பின்னும் நாலு சக்கரத்தையும் தனித்தனியே எடை போட்டுப் பார்ப்பவன் நல்ல தொழிலாளி.

பிரித்து வைத்தால் வேறு வம்பு. பதினாறும் ஒரே சங்கிலியாகக் கோத்தவை. ஒரு பாட்டரி சோர்ந்தால் பதினாறும் சோர்ந்த மாதிரிதான். முன்பெட்டியில் குளிர்காற்றுப் படும், பின்பெட்டி புழுங்கும். ஒரே நாளில் வாங்கியவற்றில் சில சீக்கிரம் கிழடு தட்டிவிடும். எல்லாப் பாட்டரிகளையும் ஒரே மாதிரி சூட்டில் வைக்கத் தெரிந்தவனுக்கே வண்டி நாலு வருஷம் ஓடும். இன்னொன்று: மின்சாரம் ஏற்றும்போது இந்தப் பாட்டரிகள் ஹைட்ரஜன் வாயுவை விடும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தால் ஒரு பொறி போதும். ஆகவே ஒவ்வொரு பெட்டிக்கும் மூடியும் புகைபோக்கியும் ஒரு சிறு விசிறியும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியைச் சட்டத்தோடு போல்ட்டுப் போட்டு இறுக்க வேண்டும். வண்டி எதிலாவது மோதி நின்றாலும் பாட்டரிக்கு நிற்கத் தெரியாது. பின்ஸீட்டிலிருந்து 280 கிலோ ஈயமும் திராவகமும் ஓட்டுகிறவனின் முதுகை நோக்கிப் புறப்பட்டு வரும். இவ்வளவு ஏற்பாடும் முடிந்து வண்டி ஒரு மூச்சில் ஓடும் தூரம் 60, 80 கிலோமீட்டர்.

இதற்காகவா என்று கேட்டால், ஆமாம், இதற்காகத்தான். பெட்ரோல் கடை வரிசையில் நிற்காமல் ஆபீசுக்குப் போய்த் திரும்ப அது போதும் என்றார்கள் அவர்கள்.

ரிப்பலின் கதை 1968-ல் முடியவில்லை. 1990 ஜனவரியில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி லாஸ் ஏஞ்சல்ஸில் 'இம்பாக்ட்' என்ற மின்சாரக் காரைக் காட்டியது. அதை உருவாக்கிய ஏரோவைரன்மென்ட் நிறுவனத்தில் ரிப்பல் வேலை பார்த்தார். அதிலிருந்து பிறந்த வண்டியின் வேலையில் அவருக்கும் பங்கு உண்டு. அந்தக் காரிலும் ஈய பாட்டரிகள்தாம், 32. ஆனால் அவற்றைக் காரில் திணிக்கவில்லை. வண்டியின் நடுமுதுகில் நீளவாட்டில் ஒரு சுரங்கம், பின்னால் குறுக்கே ஒன்று. 'ட' எழுத்தின் இரண்டு கோடுகள் போல் இரண்டும் கூடுமிடம் மட்டும் நடுவில். பாட்டரிக்கு ஆசனம் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் மனிதருக்கு இடம் கண்டார்கள். நூறு வருஷத்து வழக்கம் தலைகீழாயிற்று. பிறகு லிதியம் பாட்டரி வந்தது. வண்டியின் தரையே பாட்டரி என்றாகிவிட்டது.

கொட்டகைக்காரர்களும் ஓயவில்லை. 2010-ல் வந்த நிஸ்ஸான் லீஃப் காரின் பாட்டரிக்குள் 48 தகரப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றும் நாலு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. விபத்தில் நசுங்கிய கார்களிலிருந்து அவற்றை வாங்கிப் பழைய வண்டிகளில் அடுக்குகிறார்கள். தூக்குவது சுலபம். ஆனால் அத்தனையையும் கோத்தால் 350 வோல்ட்டுக்கு மேல். அதை நிறுத்தி வைக்க ஸ்விட்சு கிடையாது. மோதிரத்தைக் கழற்றினால் மட்டும் போதாது. ரப்பர்க் கையுறையும் வேண்டும்.

போன மாதம் எங்கள் வீட்டுப் பாட்டரியை மாற்ற அதே தம்பி வந்தான். கொஞ்சம் தடித்திருந்தான், விரலில் மோதிரம் இரண்டாகியிருந்தது. இரண்டையும் கழற்றினான். அவன் வேலை செய்துகொண்டிருக்கையில், பதினாறு பாட்டரிக் காரையும் ரொட்டி வண்டியையும் பற்றிச் சொன்னேன். ஐஸ் வைத்த சமாசாரத்துக்குச் சிரித்தான். அரை மணி நேர வெற்றிக்கு ஒன்றும் சொல்லவில்லை. வாலை வடிநீர் டப்பாவை எடுத்து ஆறு குழிகளிலும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து ஊற்றினான். பிறகு ஏதோ கணக்குப் போட்டவன் மாதிரி நிமிர்ந்தான்.

"ஆறு வோல்ட்டுன்னா ஒண்ணுக்கு மூணு குழி. பதினாறுக்கு நாப்பத்தெட்டு. மாசா மாசம் ஸீட்டைத் தூக்கி நாப்பத்தெட்டுக்கும் யார் சார் தண்ணி ஊத்தினாங்க?"